சங்கரன்கோவிலின் எகிப்துக்காரர்

அந்தத் தந்திப் படிவத்தில் ஊர் என்ற இடத்தில் ‘கெய்ரோ’ என்று எழுதியிருந்தது. நான் சங்கரன்கோவில் தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. என் பதவிக்கு சிக்னலர் என்று பெயர். தந்திக் கருவியைத் தட்டுவதுதான் வேலை. ஊரின் சாவு, பிரசவம், மாப்பிள்ளை சம்மதம், மிளகாய் விலை எல்லாம் என் விரல் வழியாகத்தான் வெளியூருக்குப் போகும். மதுரை, மெட்ராஸ், மிஞ்சினால் பம்பாய். கெய்ரோவுக்குத் தந்தி அடிக்க என்ன நடைமுறை என்று எனக்குத் தெரியவில்லை. போஸ்ட் மாஸ்டருக்கும் தெரியவில்லை. அவர் விதிமுறைப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதர் அவசரமே இல்லாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மெதுவாப் பாத்து அனுப்பு தங்கச்சி. அவரை நாளைக்கே விட்டுரப் போறதில்ல” என்றார். எகிப்து நாட்டு ஜனாதிபதிக்குச் சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளர்கள் சார்பில் கொடுத்த தந்தி அது. சிறையில் போட்டிருக்கும் எதிர்க்கட்சித் தலைவரை உடனே விடுதலை செய்ய வேண்டும் என்பதுதான் செய்தி. அண்ணாச்சியை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். எழுபதுகளின் கடைசி அது.

ஊரில் அவரைச் செயலாளர் என்பார்கள். விசைத்தறித் தொழிலாளர் சங்கத்துக்கும், எங்கள் பக்கத்தில் சரியாக வேர் பிடிக்காத ஒரு சின்னக் கட்சியின் நகரக் கிளைக்கும் அவர்தான் செயலாளர். அவர் இல்லாத இடத்தில் எகிப்துக்காரர் என்பார்கள். கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்கு அவரே இடம் கொடுத்தார். தேரடியில் மைக் கட்டி எந்தக் கூட்டம் போட்டாலும், தறிச் சத்தத்தில் தொடங்கி தண்ணீர்ப் பஞ்சத்துக்கு வந்து, கடைசியில் எப்படியும் எகிப்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். அந்த நாட்டில் ஒரு சின்னக் கட்சியின் தலைவராக இருந்தவரின் கதையை அவர் சொல்லாத மேடையே இல்லை. அந்தக் கதையை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் கடையநல்லூர்ப் பாய் ஒருவர். வளைகுடாவில் பல வருஷம் இருந்தபோது ஓர் எகிப்து டிரைவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். ஊர் திரும்பிய பிறகு சங்கரன்கோவில் தறிகளில் துண்டும் கைலியும் எடுத்து வியாபாரம் செய்தார். வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்து இறங்குவார். சரக்கு ஒரு கையில், எகிப்துச் செய்தி இன்னொரு கையில்.

அந்தத் தலைவர் நைல் நதிக்கரையில் ஒரு நெசவாலை ஊரில் பிறந்த வக்கீல். ராஜா ஆட்சிக் காலத்திலேயே ஆலைத் தொழிலாளிகளுக்காகக் கோர்ட்டில் நின்று, அதற்காகவே உள்ளே போய் வந்தவர். ராஜா போய், புது ஆட்சி வந்து, நாட்டில் ஒரே கட்சி என்று ஆனபோது அவரும் அந்தக் கட்சியில் இருந்தார்; சபையில் உறுப்பினராகவும் உட்கார்ந்தார். பிறகு ஒருநாள் ரொட்டிக்குக் கொடுத்துவந்த மானியத்தைக் குறைக்கும் தீர்மானம் வந்தது. எல்லாரும் கை தூக்க வேண்டும் என்று கட்சி உத்தரவு. அத்தனை கையும் தூக்கிய சபையில் இவர் மட்டும் எழுந்து நின்று ‘இல்லை’ என்றாராம். மறுநாளே கட்சியிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள். பிற கட்சிகளுக்கும் அனுமதி வந்த பிறகு தனிக்கட்சி, ஒரு வாரப் பத்திரிகை. அச்சகத்து வாசலிலேயே போலீஸ் நின்று பத்திரிகைக் கட்டுகளை அள்ளிக்கொண்டு போகும். அடுத்த வாரமும் அச்சடிப்பார். ராணுவத்துக்காரர்கள் பாசறைக்குத் திரும்ப வேண்டும். பள்ளிவாசல் பெயரிலும் தேவாலயத்தின் பெயரிலும் கட்சி நடத்தக் கூடாது. நிலம் உழுகிறவனுக்குச் சொந்தமாக வேண்டும். இதுதான் அவருடைய பேச்சு. தேர்தலில் நிற்பார், தோற்பார். மறுபடியும் நிற்பார்.

“சரி அண்ணாச்சி, அந்த ஆளு நமக்கு என்ன செஞ்சாரு?” என்று நான் ஒருநாள் கேட்டே விட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கோபிக்கவில்லை. “நமக்கு ஒண்ணும் செய்யல. நம்மளப் பத்தி அவருக்குத் தெரியக்கூடச் செய்யாது. ஆனா எல்லாரும் கை தூக்கும்போது ஒருத்தன் தூக்காம இருக்க முடியும்னு காட்டிட்டாருல்லா, அது போதும்” என்றார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எங்கள் ஆபீசில் கை தூக்குகிற சோலியே கிடையாது, தலை ஆட்டுவதுதான்.

ஒரு வாரம் பாய் வேறு மாதிரிச் செய்தி கொண்டுவந்தார். எகிப்துத் தலைவர் தன்னுடைய கட்சியிலேயே தன்னை எதிர்த்துப் பேசிய இரண்டு பேரை வெளியேற்றிவிட்டாராம். “உள்ளதச் சொல்லுதேன் செயலாளரே. என் கூட்டாளி எழுதியிருக்கான்” என்றார் பாய். அண்ணாச்சி முகம் சுருங்கிப்போனது. இரண்டு மூன்று வாரம் பாயோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அடுத்த தேரடிக் கூட்டத்தில் அதையும் மைக்கில் சொன்னார். கட்சி உத்தரவை மீறிய மனிதர், தன் உத்தரவை மீறியவர்களைத் தள்ளி வைத்தது தப்பு என்றார். கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு டீக்கடைக்காரர், “ஏவே, நம்ம தெருவுக்குத் தண்ணி வந்து பத்து நாளாச்சு, நீரு நைல் ஆத்துக்குள்ள நின்னு பேசுதீரு” என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். “அந்த ஆத்தப் பத்திப் பேசியாவது தாகம் தணியட்டும்வே” என்றார். மறுநாள் காலையில் காலிக் குடங்களோடு பெண்களைக் கூட்டிப்போய் நகராட்சி வாசலில் உட்கார வைத்தார். சாயங்காலம் தண்ணீர் வந்தது.

அண்ணாச்சியின் கட்சிக்குச் சின்னம் நாடா. தறியில் ஊடு நூலைச் சுமந்துகொண்டு இங்கும் அங்கும் ஓடுமே, அந்த நாடா. தறித் தெருக்களில் பெண்கள் பலருக்கு எழுத்து தெரியாது. தேர்தல் வந்தால் அண்ணாச்சி வீட்டு முற்றத்தில் வகுப்பு நடக்கும். செய்தித்தாளை வாக்குச் சீட்டு அளவுக்கு வெட்டி, அதில் எல்லாச் சின்னத்தையும் வரைந்து, உருளைக்கிழங்கில் முத்திரை செதுக்கி, மையில் தோய்த்துக் குத்தப் பழக்குவார். “ஆளைப் பாக்காத. பேரைப் பாக்காத. நாடாவைப் பாரு, குத்து.” இதை அவர் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் பழக்கியிருந்தார். அந்த முற்றத்தில் நானும் இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறேன். அரசாங்க உத்தியோகக்காரி அங்கே போகக் கூடாது என்று தெரியும். போனேன்.

எண்பதுகளின் நடுவில் நகராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்தல் வந்தது. அதற்கு முன்னால் இரண்டு வருஷமாக ஊரில் ஒரே ஒரு தகராறுதான் ஓடிக்கொண்டிருந்தது. தறித் தொழிலாளிக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை வேண்டும். வேறொன்றும் இல்லை, ஏழு நாளில் ஒருநாள். மற்ற தறி முதலாளிகள் அரை மனதாக இறங்கி வந்தார்கள். ஊரிலேயே அதிகத் தறி வைத்திருந்த முதலாளி மட்டும் முடியாது என்று நின்றார். தறி நின்றால் தலை வலிக்கிறது என்று அவர் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. அண்ணாச்சி நகராட்சித் தலைவர் பதவிக்கு மனுத் தாக்கல் செய்தார். கட்சியில் அவரைத் தவிர வேறு ஆள் இல்லை என்பதால் யாரும் அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. அந்தச் சமயத்தில்தான் முதலாளி அண்ணாச்சியின் கட்சியிலேயே சேர்ந்தார். மாலை மரியாதையோடு மெட்ராஸ் போய்ச் சேர்ந்துவிட்டு, கடைசி நாளில் வந்து அவரும் மனுப் போட்டார்.

மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள். பிற்பகல் மூன்று மணி வரைக்கும்தான் நேரம். காலை பதினொரு மணி வாக்கில் மெட்ராஸிலிருந்து தந்தி விழுந்தது. நான்தான் எழுதி எடுத்தேன். கட்சி வேட்பாளர் முதலாளிதான், நாடாச் சின்னம் அவருக்கே, செயலாளர் உடனே வாபஸ் வாங்க வேண்டும், மறுத்தால் நடவடிக்கை. தந்தியில் இருப்பதை முகவரிக்காரரைத் தவிர யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஒட்டிக் கொடுத்தனுப்பலாம் என்றால் தந்தி கொண்டுபோகும் சேவகர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தார். சரியாக அந்த நேரத்தில் அண்ணாச்சியே உள்ளே வந்தார். நான் உறையை நீட்டினேன். பிரித்தார், படித்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு வாசலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“வீட்டுக்குப் போகலையா அண்ணாச்சி?” என்றேன்.

“போனா தூக்கிட்டுப் போயிருவானுவ தங்கச்சி. கையெழுத்து வாங்காம விடமாட்டானுவ. இது சர்க்கார் ஆபீஸ். மூணு மணி வரைக்கும் இங்கன இருந்துக்கிடுதேன்.”

அவர் நினைத்தது சரிதான். பன்னிரண்டு மணிக்கு ஜீப் வந்தது. மாவட்டக் கமிட்டிக்காரர் இருவர் இறங்கினார்கள். முதலில் கெஞ்சினார்கள். கட்சி என்றால் கட்டுப்பாடு வேண்டாமா, நீங்களே இப்படிச் செய்யலாமா என்றார்கள். அடுத்த தேர்தலில் பெரிய பதவி என்றார்கள். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டார்.

“ஒரு கையெழுத்துதான அண்ணாச்சி. என்ன குறைஞ்சு போவுது?”

“எனக்கு ஒண்ணும் குறையாது. தறிக்காரிக்கு ஒருநாள் லீவு குறைஞ்சிரும்” என்றார். “நான் வாபஸ் வாங்கினா, அந்த ஆளு சொன்னது நியாயம்னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரிலா?”

“கட்சிய விட நீங்க பெரிய ஆளா?”

“கட்சி பெருசுதான். ஆனா அது முதலாளி வீட்டுல போய்ப் படுத்துக்கிட்டா, நான் எங்க போய்ப் படுக்க?”

போஸ்ட் மாஸ்டர் இரண்டு தடவை எழுந்து வந்து பார்த்தார். கூச்சல் போட்டால் போலீஸுக்குச் சொல்லிவிடுவேன் என்றார். அந்த மனிதர் அதற்கு முன்னும் பின்னும் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது. நான் கொண்டுபோன தயிர்ச்சோற்றில் பாதியை மூடியில் வைத்து நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டார். நான் கருவி முன்னால் உட்கார்ந்து யாருக்கோ குழந்தை பிறந்த செய்தியைத் தட்டிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் எந்தக் கடிகாரமும் அவ்வளவு மெதுவாக ஓடியதில்லை. இரண்டே முக்காலுக்கு ஜீப்காரர்கள் கடைசியாக ஒருமுறை வந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று அடித்ததும் எழுந்து கவுண்டருக்கு வந்து படிவம் கேட்டார். மெட்ராஸ் முகவரியை எழுதிவிட்டு, செய்தி என்ற இடத்தில் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துப் போட்டார். நோ. நான் அடித்த தந்திகளிலேயே அதுதான் சின்னது. ஒரு நீளம், ஒரு குட்டை, பிறகு மூன்று நீளம். தட்டி முடித்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாளே அவரைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். சுயேச்சை வேட்பாளராக அவருக்குக் கிடைத்த சின்னம் குடை. மழையே பெய்யாத ஊரில் குடை. டீக்கடைக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஆனால் கூட்டம் என்னவோ அவருக்குத்தான் கூடியது. தறித் தெருப் பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். பாய் தன் செலவில் பத்துப் பதினைந்து கறுப்புக் குடை வாங்கிவந்து விரித்துப் பிடிக்கச் சொன்னார். சித்திரை வெயிலில் அவை நன்றாகவே உபயோகப்பட்டன. அண்ணாச்சி ஒவ்வொரு தெருவிலும் நின்று எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி வந்ததைச் சொன்னார், தந்தி வந்ததைச் சொன்னார், மூன்று மணியைச் சொன்னார். எகிப்தை மட்டும் அந்தத் தேர்தலில் அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

வாக்கு எண்ணிய நாளில் நான் வேலை முடிந்து நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். செய்தி ஏற்கனவே வந்திருந்தது. முதலாளி ஜெயித்துவிட்டார், நல்ல வித்தியாசத்தில். குடைக்கு மூன்றாவது இடம். அண்ணாச்சி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாய் பக்கத்தில் நின்றார். அப்போது தெருமுனையில் குலவைச் சத்தம் கேட்டது. முப்பது நாற்பது பெண்கள், கையில் பூமாலை. எங்கள் ஊரில் பூவுக்குப் பஞ்சமில்லை, நல்ல கனத்த மாலை. முன்னால் வந்தவள் நூல் சுற்றுகிற வேலைக்காரி. அண்ணாச்சியின் வகுப்பில் முதல் ஆளாக வந்து உட்காருகிறவள். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணாச்சி! நம்ம நாடா ஜெயிச்சிட்டுல்லா! நான் சொன்னம்லா, ஒருத்தியும் மாத்திக் குத்தலன்னு!”

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு கூட்டத்துக்கு வந்து, ஆரத்தி எடுத்து, குடை பிடித்து, கடைசியில் வாக்குச் சாவடித் திரைக்குப் பின்னால் போனதும் அந்தக் கைகள் இத்தனை வருஷமாகப் பழகிய இடத்துக்கே போயிருக்கின்றன. அவர்களுக்கு நாடா என்றால் அண்ணாச்சி, அண்ணாச்சி என்றால் நாடா. சொல்லிக் கொடுத்தவர் அவரேதான். நான் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனேன். அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையிலிருந்து மாலையை வாங்கினார். கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியில் வைத்தார்.

“தாயி, எல்லாரும் உக்காருங்க. ஜெயிச்சது நாடா. நான் இல்ல. நாடா இப்ப முதலாளி கையில இருக்கு.” முன்னால் நின்றவளைப் பார்த்தார். “ஒங்க மேல தப்பே கிடையாது. ஆளைப் பாக்காதன்னு சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தப் பாடம் தப்பு. இன்னைக்கே அத அழிச்சிருவோம்.”

அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளை அழவிட்டுவிட்டு, அவர் அங்கேயே, அந்த நிமிஷமே வகுப்பைத் தொடங்கிவிட்டார். யார் நிற்கிறான், நேற்று அவன் யாரோடு இருந்தான், நம் தெருவுக்கு என்ன செய்தான்? இதைக் கேட்டுவிட்டுத்தான் சின்னத்தைப் பார்க்க வேண்டும். தோற்ற அன்றைக்கே அடுத்த தேர்தலுக்குப் பாடம் எடுத்த வேட்பாளரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

நகராட்சித் தலைவர் நாற்காலியில் முதலாளி ஏறியதும், விடுமுறைப் பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. முடியவில்லை. மாலை கொண்டுவந்த அந்தப் பெண்தான் முதலில் தறிக்கூடத்தை விட்டு வெளியே வந்தாள். “என் கையால நான் ஏத்தி வச்சேன், என் கையாலதான் இறக்கணும்” என்று தெருத் தெருவாகச் சொன்னாள். முதலாளியின் தறிகள் ஒரு மாதம் போல நின்றன. அவருக்குத் தலைவலி வந்ததா தெரியாது. ஆனால் வாரத்தில் ஒருநாள் விடுமுறை வந்தது. அண்ணாச்சி பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டு புதுக்கட்சி ஒன்றை ஆரம்பித்தார். அதில் ஒரே ஒரு விதிதான் விசேஷம்: எந்தத் தீர்மானத்துக்கும் எதிராகக் கை தூக்குகிறவரை அதற்காக நீக்கக் கூடாது. பதினொரு பேரில் பாதிப் பேர் எல்லாவற்றையும் எதிர்த்தார்கள். கட்சி கடைசிவரை பெரிதாகவே இல்லை. அவரும் கடைசிவரை எந்தப் பதவிக்கும் வரவில்லை.

‘என்ன சாதித்தார்?’ என்று இப்போது கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். கேட்கட்டும். தந்தி போய்விட்டது, அந்தக் கவுண்டரும் போய்விட்டது, நான் ஓய்வு பெற்றும் வருஷங்கள் ஆயிற்று. நேற்று ஒரு கட்சி, இன்று ஒரு கட்சி, இரண்டிலும் அதே சிரிப்போடு கும்பிடுகிறவர்களை டிவியில் பார்த்துவிட்டு, ‘சாமர்த்தியசாலி’ என்று பாராட்டுகிற காலம் இது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் வேண்டாம். ஒரு சர்க்கார் பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைப் பார்த்திருக்கிறேன், அது எனக்குப் போதும். பத்துப் பேர் நடுவில் இல்லை என்று சொல்ல வேண்டிய இடங்களில் நானும் சிலமுறை சொல்லியிருக்கிறேன். அதனால் வந்த இடமாற்றங்களைப் பற்றி எனக்கு வருத்தம் கிடையாது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டால் இதை எழுதியதே பொய்யாகிவிடும். தேர்தலன்று நானும் திரைக்குப் பின்னால் போனேன். தந்தியை எடுத்தவள் நான், பதிலைத் தட்டியவள் நான், எழுதப் படிக்கத் தெரிந்தவள். சீட்டை விரித்தேன், நாடா கண்ணில் பட்டது, கை குத்திவிட்டது. மை பதிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதை யாரிடமும் சொல்லாமல் மூன்று வருஷம் வைத்திருந்தேன். வேறு ஊருக்கு மாற்றல் ஆன அன்று, வழியனுப்ப வந்த அண்ணாச்சியிடம் கவுண்டரில் வைத்தே சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

“என் கையும் முதல்ல நாடாகிட்டதான் போச்சு தங்கச்சி. இழுத்துக் கொண்டாந்துதான் குடையில குத்தினேன்.”

நான் நம்பாமல் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அந்த எகிப்துக்காரரு சபையில எந்திரிச்சு நின்னாருன்னுதான் இத்தன வருசமாச் சொன்னேன். நானே நிக்க வேண்டி வந்தப்போ அதச் சொல்ல வாய் வரல. எந்திரிக்கும்போது அவரு காலு எவ்வளவு நடுங்குச்சோ, அத எவன்ட்டயும் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாத்தியா?”